பித்தளையில் ஒரு மார்க்கெட்: புளி போட்டுத் தேய்க்கலாமா?

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டது, பிப்ரவரி 8

வாஷிங்டனில் இருக்கும் மகள் ஒரு பித்தளைத் தொங்கட்டான் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கை அளவு. அங்கே ஈஸ்டர்ன் மார்க்கெட் என்று ஒரு பழைய காய்கறி மார்க்கெட்டாம், அதன் உருவம். கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுவது. நான் பூஜை அலமாரிக் கதவில் மாட்டினேன். இப்போது ஓரமெல்லாம் கறுத்து வருகிறது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பித்தளைக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம். நம் பக்கத்து மார்க்கெட் எதற்காவது யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

என் பதில், பிப்ரவரி 8, இரவு

தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், பீதாம்பரியும் வேண்டாம், எலுமிச்சை மூடியும் வேண்டாம். குத்துவிளக்கு வார்ப்பு. எத்தனை வருஷம் தேய்த்தாலும் அடியில் பித்தளை இருந்துகொண்டே இருக்கும். நீங்கள் வைத்திருப்பது மெல்லிய தகடு, மேலே தங்க முலாம். அந்த முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். புளியைப் போட்டு நாலு தேய் தேய்த்தால் முலாம் போய்விடும், அப்புறம் வாராவாரம் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பூஜை அலமாரியிலிருந்து முதலில் கழற்றுங்கள். கற்பூரப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈர விரல் எல்லாம் அங்கேதான்.

இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அது பெரிய கேள்வி.

பிப்ரவரி 9

நான் டிவி மெக்கானிக். தஞ்சாவூர் கீழவாசலில் கடை, இப்போது மகன் அதில் செல்போன் பழுது பார்க்கிறான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தொங்கட்டான் செய்கிற வழியும் நாங்கள் அந்தக் காலத்தில் சர்க்யூட் போர்டு செய்த வழியும் ஒன்றுதான்.

தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகுகிற ஒரு பூச்சைத் தடவுவார்கள். படம் அச்சிட்ட பிலிமை அதன்மேல் வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் கெட்டியாகும், படாத இடம் கழுவினால் போய்விடும். அப்புறம் பெரிக் குளோரைடு கரைசலைப் பீய்ச்சுவார்கள். பூச்சு இல்லாத இடத்திலெல்லாம் அது உலோகத்தைத் தின்னும். ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஓட்டை விழும். ஜன்னலும் வளைவும் அப்படி வருபவை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழத்தில் நிறுத்திவிடலாம். செங்கல் வரி, ஓட்டு வரிசை, எழுத்து எல்லாம் இந்தப் பாதி ஆழ வேலை. சுத்தியல் இல்லை, உளி இல்லை. உள்ளங்கை அகலத்தில் செங்கல்லை எண்ண முடிகிறதே, அது இதனால்தான்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் கெம்ஆர்ட் என்று ஒரு நிறுவனம் இந்த வேலைக்குப் பேர்போனது. வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் 1981 முதல் வருஷத்துக்கு ஒன்றாக வெளியிடுகிற கிறிஸ்துமஸ் தொங்கட்டான்கள் அவர்கள் கைவேலை. அங்கே கல்லூரி, தேவாலயம், நீதிமன்றம், ரயில் நிலையம் எதற்கும் இப்படி ஒன்று போடுகிறார்கள். பல இடங்களில் அந்தக் காசு கட்டடப் பராமரிப்புக்கே போகிறது. மார்க்கெட்டுக்கும் போடுகிறார்கள் என்பதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது.

பெரிக் குளோரைடு விரலில் பட்டால் மஞ்சள் கறை லேசில் போகாது. என் கல்யாணத்தன்று என் விரல்கள் அந்தக் கறையோடுதான் இருந்தன. நலங்கு மஞ்சள் என்று நினைத்துக்கொண்டார்கள். சொல்லவில்லை.

பிப்ரவரி 9, மாலை

லேசர் வெட்டு இல்லையா என்று பட்டுக்கோட்டை நண்பர் கேட்கிறார். லேசரில் ஓட்டை போடலாம். ஆனால் பித்தளை ஒளியைத் திருப்பி அடிக்கும், மெல்லிய தகடு சூட்டில் நெளியும், பாதி ஆழத்தைச் சீராக எடுப்பது கஷ்டம். பூதக்கண்ணாடி வைத்து ஓரத்தைப் பாருங்கள். உள்வாங்கி லேசாகக் குழிந்திருந்தால் அது கரைசலில் அரித்த வேலை, அரிப்பு வேலை என்போம்.

பிப்ரவரி 11

அந்த ஈஸ்டர்ன் மார்க்கெட்டைப் பற்றிக் கொஞ்சம். 1873-ல் திறந்தது. சிவப்புச் செங்கல், நீளக் கூடம், வரிசையாக வளைவு ஜன்னல்கள். கட்டடக் கலைஞர் அடால்ஃப் கிளஸ், ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் பிறந்தவர். இளவயதில் கம்யூனிஸ்ட் கழகத்தில் இருந்தவர், கார்ல் மார்க்ஸோடு கடிதம் எழுதிக்கொண்டவர். பிறகு வாஷிங்டனில் குடியேறிப் பள்ளிக்கூடம், அருங்காட்சியகம், மார்க்கெட் என்று ஏகப்பட்ட செங்கல் கட்டடங்களைக் கட்டினார். திருவாரூர், நாகப்பட்டினம் தோழர்கள் குறித்துக்கொள்ளவும். மார்க்ஸின் தோழர் கட்டிய மார்க்கெட் வெள்ளைக்காரன் தலைநகரில் இன்றைக்கும் தக்காளி விற்கிறது.

2007 ஏப்ரல் 30-ம் தேதி அது எரிந்தது. அதே நாளில் அதே நகரில் ஜார்ஜ்டவுன் நூலகமும் எரிந்தது, அது தனிக் கதை. மார்க்கெட்டின் தெற்குக் கூடத்தில் கூரை போய்ச் சுவர் நின்றது. வியாபாரிகளுக்கு எதிரிலேயே தற்காலிகக் கூடம் போட்டுக் கொடுத்தார்கள். 2009 ஜூனில் பழைய கூடத்தைச் சரிசெய்து திறந்துவிட்டார்கள். ஆஹா அமெரிக்கா என்று உடனே ஆரம்பிக்க வேண்டாம். அதே கிளஸ் கட்டிய சென்டர் மார்க்கெட் இதைவிடப் பெரியது. அதை 1931-ல் இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தைக் கட்டினார்கள்.

இங்கே சென்னையில் மூர் மார்க்கெட். பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் இருந்த பழைய மார்க்கெட் சீரழிந்துபோனதால், மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டியது. ஆர். இ. எல்லிஸ் வரைந்தது, 1900-ல் திறந்தது. 1985 மே 30-ல் தீ. அந்த இடத்தில் புறநகர் ரயிலுக்கான வளாகம் வந்தது. நான் பழைய ரேடியோ சர்வீசிங் புத்தகம் வாங்கியது அங்கேதான். அட்டை இல்லாத புத்தகம், ஆனால் உள்ளே எல்லா சர்க்யூட்டும் இருந்தது. இப்போது நிலைய வளாகத்தில் அந்த மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். வண்டி நிறுத்துகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

எரிந்த பிறகு செய்தது அது. இருக்கும்போது செய்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

பிப்ரவரி 12

நம் பக்கத்து மார்க்கெட்டைக் கேட்டால் மூர் மார்க்கெட்டைச் சொல்கிறீர்களே என்ற மன்னார்குடிக்காரருக்கு: அது சென்னைச் சமாச்சாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். வாஷிங்டனும் டெல்டாவில் இல்லை.

பிப்ரவரி 15

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் நினைவுப் பொருள் பஞ்சம் கிடையாது. தஞ்சாவூர்க் கலைத்தட்டு இருக்கிறது. கலெக்டர் மாற்றலாகிப் போனால் கலைத்தட்டு, அமைச்சர் வந்தால் கலைத்தட்டு, தலைமையாசிரியர் ஓய்வு பெற்றால் பொன்னாடையும் கலைத்தட்டும். இந்த ஊரில் நடுத்தர வயதைத் தாண்டிய எந்த வீட்டு ஹாலிலும் ஒன்று மாட்டியிருக்கும். அதில் என்ன இருக்கும்? நடராஜர், சரஸ்வதி, பிள்ளையார், பெரிய கோயில். வேறு ஏதாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இதைக் கேட்கத்தான் எனக்குத் தெரிந்த ஒரு பத்தரின் பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம் என்றார். கலைத்தட்டு இரண்டாம் சரபோஜி காலத்தில், அதாவது 1798-க்கும் 1832-க்கும் இடையில், உருவான வேலை என்பார்கள். அடியில் பித்தளைத் தட்டு. அதன்மேல் வெள்ளித் தகட்டிலும் செம்புத் தகட்டிலும் புடைப்பு உருவங்கள். மெல்லிய தகட்டை அச்சின்மேல் வைத்துத் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். பின்பக்கக் குழியில் அரக்கு நிரப்புவார்கள், அப்போதுதான் மேலே உளி ஓட்டும்போது உருவம் நசுங்காது. கண், நகை, மடிப்பு எல்லாம் அந்த உளி ஓட்டத்தில் வருவது. கடைசியாக உருவத்தைத் தட்டில் பதித்து ஓரத்தைத் தட்டி இறுக்குவார்கள். சில தட்டுகளில் வெள்ளிக்குப் பதில் வெள்ளி முலாம் பூசிய தகடு. விலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மார்க்கெட் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சாமி உருவத்துல மூக்கு ஒரு நூல் தள்ளிப்போனாலும் அது ஒரு களைதான் சார். கட்டடத்துல ஒரு கோடு தள்ளிப்போனா இடிஞ்சு விழற மாதிரி இருக்கும்."

"பெரிய கோயில் அடிக்கிறீங்களே?"

"விமானத்துல கோடு எங்க இருக்கு? மேலேருந்து கீழ வரைக்கும் பொம்மைதானே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடவை பெரிய கோயிலுக்குப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொல்வது ஒரு தட்டாரின் கண். வெறும் சுவர் என்று ஒரு சாண் இடம் கிடையாது. மார்க்கெட் கட்டடம் அதற்கு நேர் எதிர். நேர்கோடு, ஒரே மாதிரி வளைவு, மறுபடியும் நேர்கோடு. அரிப்பு வேலைக்கு அது சர்க்கரை. தட்டி எழுப்புகிற வேலைக்கு அது வதை.

பிப்ரவரி 16

இல்லை, தலையாட்டிப் பொம்மை மாதிரி மார்க்கெட் செய்ய முடியாது. கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20

எந்த மார்க்கெட்டைத் தட்டில் போடுவது என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட்டை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்துப் புதிதாகக் கட்டியாகிவிட்டது. புதுசு நன்றாகத்தான் இருக்கிறது, மழையில் சேறு இல்லை, ஆனால் தட்டில் போடுகிற வயசு அதற்கு இன்னும் வரவில்லை. கும்பகோணத்துக்காரர்கள் பாத்திரக்கடைத் தெருவே ஒரு மார்க்கெட்தான் என்கிறார்கள். தெரு வேறு, கட்டடம் வேறு.

நான் சொல்வது திருச்சி காந்தி மார்க்கெட். 1868-ல் தொடங்கி 1927-ல் விரிவாக்கிய மார்க்கெட். முன்னால் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது, லாரிகள் அதைச் சுற்றித் திரும்புகின்றன. திருச்சி டெல்டாவா என்று கேட்பவர்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கொஞ்சம் கீழே கல்லணை. டெல்டாவின் தலை அங்கேதான் இருக்கிறது. திருவையாற்று வாழைத்தார் எங்கே போகிறது? நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கட்டடம் எத்தனை நாளைக்கு என்பதும் கேள்விதான். மணிகண்டம் பக்கம் கள்ளிக்குடியில் பெரிதாக ஒரு மார்க்கெட் கட்டி, எல்லோரும் அங்கே போங்கள் என்றார்கள். வியாபாரிகள் அசையவில்லை. தூரம், பஸ் இல்லை, கடை சின்னது என்று ஆளுக்கு ஒரு காரணம். இப்போது பஞ்சப்பூர்ப் பேச்சு. நெரிசல் உண்மை, நான் மறுக்கவில்லை. ராத்திரி லோடு இறங்குகிற நேரத்தில் அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கும். மொத்த வியாபாரம் வெளியே போவது நல்லதாகக்கூட இருக்கலாம். அப்படிப் போனால் பழைய கட்டடத்தை என்ன செய்வார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பிப்ரவரி 21

ஒரு விஷயம். காந்தி மார்க்கெட் கட்டடத்தை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நிஜமாகக் கேட்கிறேன். நாம் பார்ப்பது தார்ப்பாய், மூட்டை, பேனர், வயர், மஞ்சள் பல்பு. சுவர் எங்கே இருக்கிறது?

என் நண்பர் ஒருவரிடம் ஒரு போட்டோ இருக்கிறது. 2020 ஊரடங்கில் மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்களே, அப்போது எடுத்தது. வாயில் வளைவு முழுசாகத் தெரிகிறது. ஐம்பது வருஷமாக அந்த வழியாகப் போனவர், அன்றைக்குத்தான் அந்த வளைவை முழுசாகப் பார்த்ததாகச் சொன்னார்.

மார்ச் 2

போட்டோவை வைத்து அக்கா மகள் படம் வரைந்து கொடுத்தாள். கட்டடக் கலை படித்தவள், பெங்களூரில் வேலை. கோடு கோடாக, அளவு பிசகாமல். பார்க்க அவ்வளவு அழகு. இங்கே போட்டதும் சீர்காழி அக்கா ஒருவர் எழுதினார்: "கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி இருக்கு. மார்க்கெட்டைக் காணோம்."

படித்ததும் கோபம் வந்தது. கட்டடத்தைத்தானே கேட்டோம்? அந்த வாஷிங்டன் தொங்கட்டானிலும் ஆள் இல்லையே?

மார்ச் 3

அக்கா சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். வாஷிங்டன் மார்க்கெட்டில் ஆள் இல்லாமல் போட்டாலும் சரியாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே வியாபாரம் கூடத்துக்குள் நடக்கிறது. சுவருக்கு வெளியே நின்று பார்த்தால் கட்டடம் தெரியும். நம் மார்க்கெட்டில் வியாபாரம் கட்டடத்தை விட்டு வழிந்து ரோடு வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டடத்தை மட்டும் போட்டால் அது ஊரடங்கின் நினைவுச் சின்னமாகத்தான் இருக்கும்.

அதற்காகக் கூட்டத்தை வரைந்தால் பித்தளையில் அது எறும்புப் புற்று. உள்ளங்கை அளவில் நூறு தலையை அரித்தால் ஒரு தலைக்கும் மூக்கு வராது.

மார்ச் 3, மதியம்

பத்தர் முன்பு சொன்னதில்தான் வழி இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நேர்கோடு அவருக்கு வராது, உருவம் வரும். பெரிக் குளோரைடுக்கு உருவம் வராது, நேர்கோடு வரும். கட்டடத்தைப் பாதி ஆழத்தில் அரித்துப் பின்னால் வைத்துவிட்டு, முன்னால் ஒரே ஒரு ஆளை வெள்ளியில் எழுப்பிப் பதித்தால்? சுமை தூக்குகிறவர். தலையில் சும்மாடு, அதன்மேல் மூட்டை. பக்கத்தில் ஒரு தராசு.

பத்தரிடம் போனில் சொன்னேன். "கொண்டாங்க பார்ப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய வார்த்தை.

மார்ச் 14

அரிப்பு வேலையைப் பெயர்ப்பலகை செய்கிற ஒரு கடையில் கொடுத்துச் செய்தோம். டாக்டர் வீட்டு வாசலில் பித்தளையில் பெயர் இருக்குமே, அதே வேலை. அவரிடம் தொட்டி, விளக்கு எல்லாம் இருக்கிறது. எனக்குக் கை அரித்தது, நானும் கூட நின்றேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டை விழுகிற இடத்தை வரையும்போது தனித்தீவு விடாதீர்கள். வளைவுக்குள் ஒரு கம்பிக் கதவு, கதவுக்குள் ஒரு பூ என்று வரைந்தால், பூவைச் சுற்றி உலோகம் கரைந்ததும் பூ தொட்டிக்குள் விழுந்துவிடும். ஒவ்வொரு துண்டும் ஏதோ ஓர் இடத்தில் தாய்த் தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். அக்கா மகளின் படத்தில் வாயில் எழுத்துகள் முழு ஓட்டையாக இருந்தன. தமிழில் "க" போட்டால் உள்ளே இருக்கும் சுழி கழன்று விழும், "ப" தப்பிக்கும். அதனால் எழுத்தை எல்லாம் பாதி ஆழத்துக்கு மாற்றினோம்.

கரைசலைச் சூடாக்கினால் வேகமாகத் தின்னும், ஆனால் பூச்சுக்கு அடியிலும் நுழையும், கோடு அகலமாகிவிடும். மெல்லிய கோடு வேண்டுமென்றால் வரையும்போதே இன்னும் மெல்லிசாக வரைய வேண்டும். சர்க்யூட் போர்டில் இதைக் கற்க நான் கெடுத்த தகடுகளை வைத்து ஒரு வீட்டுக்குக் கூரை போடலாம்.

மார்ச் 15

"நிழல்ல எந்தப் பக்கம் வெயில்?" என்று பெயர்ப்பலகைக் கடைக்காரர் கேட்டார். காலையா மாலையா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மொத்த வியாபாரம் ராத்திரியில் நடப்பது. ஆகவே நிழல் வேண்டாம் என்று முடிவு.

மார்ச் 27

பத்தர் ஆளை அடித்துவிட்டார். போட்டோவைப் பார்த்தீர்களா? ஏதோ தெரிந்த முகம் மாதிரி இருக்கிறதே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்த முகம்தான். சுமைதூக்குகிறவருக்கு அச்சு எங்கே இருக்கும்? சஞ்சீவி மலை தூக்கும் ஆஞ்சநேயர் அச்சை எடுத்து, வாலை நீக்கி, கிரீடத்தை நீக்கி, மலையை மூட்டையாக்கிவிட்டார். தொடையும் தோளும் அனுமாருடையது. முகத்தை மட்டும் புதிதாக உளியில் எடுத்தார், மீசை வைத்தார். "வால் இருந்த இடம் தெரியுதா பாருங்க" என்று கேட்டார். தெரியவில்லை.

எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தக் கையும் இந்த அச்சும் சாமியைத்தான் அறியும். அதை வைத்துக்கொண்டு மூட்டைக்காரரைச் செய்தால் அவருக்குக் கொஞ்சம் சாமிக்களை வரத்தான் செய்யும்.

மார்ச் 28

"இதைத் தஞ்சாவூர்க் கலைத்தட்டு என்று விற்கலாமா, புவிசார் குறியீடு இருக்கிறதே?" என்று ஒருவர். விற்கக் கூடாது. குறியீடு அந்தக் கைமுறைக்கு. நடுவில் அரிப்புத் தகடு வைத்த எதையும் அந்தப் பெயரில் விற்பது இங்கிருக்கும் பட்டறைகளுக்கே கேடு. பத்தரும் அதையேதான் சொன்னார், என்னைவிடக் கறாராக: "ஆள் என் வேலை. ஓரத்து வாழையிலையும் வெத்தலையும் என் வேலை. நடுவுல இருக்கற கட்டடம் யார் வேலைன்னு கேட்டா உங்களைக் கைகாட்டிடுவேன்."

ஓரத்தில் வழக்கமாக வரும் கொடிக்குப் பதில் வெற்றிலைக் கொடி, வாழைக் குலை, கத்திரிக்காய். கத்திரிக்காய் மட்டும் கொஞ்சம் மாங்காய் மாதிரி வந்திருக்கிறது. பட்டுப்புடவை நெய்கிற ஊர்க்காரர்கள் மன்னிப்பார்கள்.

ஏப்ரல் 6

தட்டை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கே போனோம். வெங்காய மண்டி ஒன்றில் காட்டினோம். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கட்டடத்தை யாரும் பார்க்கவில்லை. வளைவு அவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் ஆளைத்தான் பார்த்தார்கள்.

சுமைதூக்குகிற பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவரு ஒத்தக் கையில ஒசரத் தூக்கிப் பிடிச்சிருக்காரே, தோள்பட்டை கழண்டுரும்யா. மூட்டை தலையில உக்காரணும். கை சும்மா அணைச்சுக்கணும், அவ்வளவுதான். பாரம் கழுத்து வழியா நேரா காலுக்கு இறங்கணும்." நின்று காட்டினார். சும்மாட்டுத் துண்டைச் சுற்றி வைத்து, பக்கத்தில் கிடந்த மூட்டையை இரண்டு பேர் ஏற்றிவிட, அப்படியே நடந்து காட்டினார். முழங்கால் லேசாக மடங்கியிருந்தது, பார்வை நேராக இல்லை, பத்தடி முன்னால் தரையில்.

அக்கா மகள் வீடியோ எடுத்தாள். மண்டிக்காரர், அவர் கவலையே வேறு. தராசில் ஒரு தட்டு தாழ்ந்திருக்கிறதே, அது யார் பக்கம் என்று கேட்டார்.

ஏப்ரல் 7

எலெக்ட்ரானிக் தராசு வந்த காலத்தில் எதற்குத் தொங்கு தராசு என்று திருத்துறைப்பூண்டி தம்பி கேட்கிறார். நியாயம். ஆனால் எலெக்ட்ரானிக் தராசை வெள்ளியில் அடித்தால் அது டிபன் பெட்டி.

ஏப்ரல் 19

பத்தர் வீடியோவைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது நிக்கற நிலையே வேற" என்றார். அனுமார் அச்சை ஒதுக்கிவிட்டு, மெழுகில் புதிதாக உருவம் பிடித்து, அதிலிருந்து தனி அச்சு எடுத்தார். கை இறங்கி மூட்டையை அணைத்திருக்கிறது. முழங்கால் மடங்கியிருக்கிறது. தோளில் இருந்த கம்பீரம் போய்விட்டது. கழுத்து நரம்பு வந்திருக்கிறது, அதை அவர் சாமிக்கு வைத்ததே இல்லையாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் உருவம்தான் பார்வைக்கு அழகு, இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் தட்டில் பதித்தது இரண்டாவது. அனுமாரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 20

தட்டின் கீழே என்ன எழுதலாம் என்று இன்னும் சண்டை. 1868 போதும் என்கிறார்கள் சிலர். 1927-ம் வேண்டும் என்கிறார்கள் சிலர். மண்டிக்காரர் தன் கடை எண்ணைப் போடச் சொல்லிப் போன் மேல் போன். இரண்டு ஆண்டுகளும் போட்டாயிற்று. எண் போடவில்லை. ஒருவருக்குப் போட்டால் எல்லாக் கடைக்கும் போட வேண்டும், அப்புறம் அது தட்டு இல்லை, ரேஷன் பதிவேடு.

ஏப்ரல் 24

பிரதி கேட்கிறவர்களுக்கு. நான் விற்கவில்லை. அரிப்புத் தகடு மட்டும் வேண்டுமென்றால் பிலிம் இருக்கிறது, தருகிறேன். உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைக் கடையில் அரை மில்லிமீட்டர் பித்தளையில் செய்யச் சொல்லுங்கள், துளை போட்டு நூல் கட்டினால் கதவில் மாட்டலாம். ஆளோடு சேர்த்து முழுத் தட்டு வேண்டுமென்றால் பத்தரிடம்தான் கேட்க வேண்டும். வைகாசி முகூர்த்த வேலை முடிந்த பிறகுதான் எடுப்பேன் என்கிறார். விலை வெள்ளி விலையைப் பொறுத்தது, இன்றைக்குக் கேட்டு நாளைக்குச் சண்டைக்கு வரக்கூடாது.

வீட்டில் முயல்பவர்கள் பயன்படுத்திய கரைசலைத் தஞ்சாவூர்ப் புது ஆற்றிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். அதில் கரைந்திருப்பது செம்பும் துத்தநாகமும், மீனுக்கு ஆகாது. பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடிவைத்து, இந்த வேலையை வழக்கமாகச் செய்கிற கடையில் கொடுத்துவிடுங்கள். எஃகு டப்பாவில் வைத்தால் டப்பாவையும் தின்றுவிடும்.